வெட்டாமல் மாட்டிய சக்கரங்கள்

போடில் தன் பொம்மை வண்டியைச் சங்கக் கூடத்து மேசைமேல் வைத்ததும் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். பிளாஸ்டிக் கட்டைகளைக் கோத்துச் செய்த ஒரு சாண் நீளச் சிவப்புத் தீயணைப்பு வண்டி; அதற்குப் பெரிய டிராக்டர் பொம்மையிலிருந்து கழற்றிய நாலு டயர்கள். குருவி தலையில் பனங்காய்.

"என்ன போடில், வண்டிக்குச் சக்கரம் மாட்டினியா, சக்கரத்துக்கு வண்டி மாட்டினியா?" என்றான் கிரெஸ்டன். இந்த வண்டிகளின் மலையேற்றப் போட்டியில் பலமுறை ஜெயித்தவன், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"மேல ஏறி நின்னுக்கிட்டு சொல்றேன். நீ கீழ இருந்து கேட்டுக்க," என்றாள் போடில்.

சங்கத் தலைவரான தபால்காரர் பிரேபன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை வண்டியின் மட்கார்டிலேயே நின்றது. ஏன் என்று போடிலுக்குத் தெரியும், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் இருந்த அந்தச் சின்ன ஊரின் பொம்மைக் கட்டைவண்டிச் சங்கத்துக்கு ஒரே சட்டம்தான்: எந்தக் கட்டையையும் வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. ஜெயித்தவர் அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் வண்டியைக் கடைசிக் கட்டை வரை பிரித்துக் காட்ட வேண்டும். போன வருடம் இதே டயர்களோடு ஜெயித்தது போடில்தான். திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதே என்று, சமையலறைக் கத்தியால் ஓரத்தை நகம் வெட்டுகிற அளவுக்குச் சீவியிருந்தாள். பிரிக்கும்போது பிரேபனின் கட்டைவிரல் அந்த ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டது. யாரும் திட்டவில்லை. இந்த ஊரில் திட்ட மாட்டார்கள். காப்பியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குப் பதில் நாலு வார்த்தை வாங்கியிருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

அவள் வேலையே டிராக்டருக்கு டயர் மாட்டுவது. இருபத்தாறு வருடம். ஆள் உயர டயரை ஒற்றை ஆளாக உருட்டுகிறவள், பொம்மை டயரால் மானத்தை விட்டாள். இந்தத் தடவை சின்னச் சக்கரமாகப் பார்த்து மாட்டிக்கொண்டு ஒதுங்கிப் போயிருக்கலாம். மாட்டேன் என்றாள். அதே டயர், அதே வண்டி, ஒரு கீறல் இல்லாமல். திமிர்தான், ஆனால் நல்ல திமிர்.

குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டினாள். அச்சைக் கட்டையின் ஒரு குமிழ் அளவு முன்னால் தள்ளினால் பின்பக்கம் உரசியது. உடம்பை உயர்த்தினால் திருப்பத்தில் குப்புற விழுந்தது. எதைச் செய்தாலும் அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுழற்ற முடியாமல் மோட்டார் முனகியது. பிறகு ஒரு நாள் பட்டறைக்கு மருந்தடிக்கும் டிராக்டர் ஒன்று வந்தது. பயிரை மிதிக்காமலிருக்க வயிறு உயர்ந்த வண்டி. அச்சு மேலே வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் பல்சக்கரம் வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த மாதிரி வண்டிக்கு எத்தனையோ தடவை டயர் மாற்றியிருக்கிறாள், அன்றுதான் உட்கார்ந்து பார்த்தாள்.

தன் பொம்மை வண்டியிலும் ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாலும் இரண்டு பல்சக்கரம் வைத்தாள்: மேலே சின்னது, கீழே பெரியது. மட்கார்ட் டயரை விட்டு எழும்பியது. சுற்று மெதுவானது, வலு கூடியது. பேட்டரிப் பெட்டியை வயிற்றுக்கு அடியில் தொங்கவிட்டாள், கவிழ்வதும் நின்றது.

போட்டியின் மலை என்பது சாய்த்து வைத்த பலகை, சரளைக்கல், உச்சியில் மூன்று படி. கிரெஸ்டனின் வண்டி இரண்டாவது படியில் மல்லாந்தது. போடிலின் வண்டி மூன்றாவது படியில் முட்டி நின்றது. ரிமோட்டால் வண்டியை ஒரு விரல் பின்னுக்கு எடுத்தாள். முன்சக்கரங்களை முழுக்க ஒடித்துத் திருப்பினாள். டயர் மட்கார்டைத் தொடாமல் சுழன்று, படியின் விளிம்பைக் கவ்வி, அவசரமே இல்லாமல் ஏறிவிட்டது.

கைதட்டல் கேட்டது, ஆனால் சன்னமாக. இன்னும் பிரிக்கவில்லையே.

அவள் பிரித்தாள். பிரேபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டையையும் விரலால் தடவினார். மட்கார்ட் வந்ததும் சட்டைப்பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனிதர் தயாராகத்தான் வந்திருக்கிறார். நான்கையும் பார்த்தார். பிறகு பல்சக்கரங்களைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"இத எங்க புடிச்ச?"

"வேலை செய்யற எடத்துல. நீ தபால் போடற பண்ணையில எல்லாம் நிக்குது. குனிஞ்சு பாத்திருக்க மாட்ட."

கிரெஸ்டன் கெக்கலித்தான். பிரேபன் கண்ணாடியைக் கழற்றினார். "மோசமில்ல," என்றார்.

அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. யாரும் தருவதில்லை, கேட்பதும் இல்லை. கேட்டால் தலைக்கனம் என்பார்கள். நன்றி சொல்லிவிட்டுக் காப்பியை எடுப்பதுதான் முறை.

போடில் காப்பியை எடுக்கவில்லை.

"மோசமில்லையா? போன வருஷம் என் தப்ப இத்தன பேரு முன்னாடி காட்டின. நியாயந்தான், செஞ்சது நான். இப்ப நல்லா இருக்குன்னா, அதையும் இவங்க முன்னாடியே சொல்லு பிரேபன்."

கோப்பைகள் அப்படியே நின்றன. பிரேபனின் காது சிவந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு வெட்டு கெடையாது," என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "இந்தக் கூடத்துல நான் பாத்த வண்டியிலயே இதுதான் நல்ல வண்டி, போடில்."

"தெரியும்," என்றாள் போடில்.