பூஜ்யத்துக்குக் கீழே

குளியலறையில் பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சில ஸ்வரங்களுக்கு மட்டும் சுவர்களும் கூடச் சேர்ந்து பாடும். ஒவ்வொரு அறைக்கும் அப்படிச் சொந்த ஸ்வரங்கள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எண்களை ஐகன் மதிப்புகள் என்போம். அவற்றைக் கணக்கிடுவதுதான் என் பிழைப்பு. ஒலிப்பதிவு அறைகள் கட்டுவது அண்ணனின் தொழில். அவன் சுவர் எழுப்புவான், நான் எண் சொல்வேன்.

பதிவு ஓடும்போது அண்ணன் மூச்சை அடக்கிக்கொள்வான், மைக்கில் விழுந்துவிடுமாம். "முடிஞ்சுது அண்ணா" என்று நான் சொன்ன பிறகுதான் விடுவான். எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். போன வருஷம் வீட்டுப் பதிவறையின் நட்டநடுவில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அன்று சொல்ல நான் பக்கத்தில் இல்லை.

அண்ணி அறையைக் காலி செய்து மகளுக்குக் கட்டில் போட்டாள். மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பெயருக்கேற்ற நடத்தை.

"ஒரு தடவ அளந்து பாத்துடறேன் அண்ணி."

"காலி பண்ணின ரூம்ல என்னத்த அளக்கப்போற? அண்ணனுக்கேத்த தங்கச்சிதான் போ."

அளந்தேன். பெரும்பாலான ஸ்வரங்கள் பழைய இடத்திலேயே இருந்தன. சில மட்டும் இறங்கியிருந்தன. மைக்கை மாற்றினேன், அப்போதும் அதேதான். மாறாதவை எல்லாம் அறையின் மையத்தில் சத்தமே இல்லாத ஸ்வரங்கள். இறங்கியவை மையத்தில் ஓங்கி ஒலிப்பவை. அப்படியானால் மையத்தில் ஏதோ இருக்கிறது. நீள அகலம் இல்லாத வெறும் புள்ளி, ஆனால் இழுக்கிறது. தரையிலிருந்து அதன் உயரம், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரம்.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அண்ணியிடம் சொன்னேன். "புள்ளின்னா ஒண்ணுமே இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

"அளவுதான் இல்ல அண்ணி."

"அளவில்லாதது எம்பொண்ண என்ன செஞ்சிடும்? போய் வேலையப் பாரு."

மதியம் வாலுவைத் தூங்கவைத்துக் கதவைச் சாத்தினாள். நான் பக்கத்து அறையில் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. என் நிரல் பூஜ்யத்திலிருந்து மேல்நோக்கித்தான் தேடும், நானே அப்படி எழுதியது. நான் பார்த்த எந்த அறையிலும் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் மூடிய அறையில் இழுக்கும் புள்ளி ஒன்று இருந்தால், இழுப்பு எவ்வளவு சின்னதானாலும் கீழே ஒரு எண் வந்தே தீரும். எல்லையை இறக்கித் தேடினேன். இருந்தது. இந்த வகைக் கணக்கில் கற்பனை எண்ணுக்கு இடமே இல்லை. மைனஸ் போட்ட, அசல் மெய்யெண்.

பூஜ்யத்துக்கு மேலே இருப்பது ஏறி இறங்கும், அதைத்தான் ஸ்வரமாகக் கேட்கிறோம். கீழே இருப்பது ஏறி இறங்காது. அறைக்குள் காற்றழுத்தம் ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும்.

அடித்துப் பிடித்து ஓடினேன். உட்பக்கம் திறக்கும் கதவு, தாழ்ப்பாளும் கிடையாது. தள்ளினால் அசையவில்லை. சத்தம் கேட்டு வந்த அண்ணியும் தோள் கொடுத்தாள். உள்ளே யாரோ முதுகைச் சாய்த்து நிற்கிற மாதிரி இருந்தது.

"வாலு! கதவுகிட்ட நிக்கிறியா?"

"இல்ல அத்தை, கட்டில்ல இருக்கேன்." குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "காது அடைக்குது. யாரோ மூச்ச இழுத்துப் புடிச்சிட்டு இருக்காங்க. விடவே மாட்டேங்கறாங்க."

அண்ணி அலறினாள். "ஏதாவது பண்ணேன்டி!"

என்ன பண்ண வேண்டும் என்று எனக்குத் தெரியும். பண்ணினால் என்ன போய்விடும் என்பதும் தெரியும். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது.

கதவில் நெற்றியை வைத்துச் சொன்னேன். "முடிஞ்சுது அண்ணா."

கதவிடுக்கு நெடுக நீளமாகக் காற்று வெளியேறியது. வெதுவெதுப்பாக என் முகத்தில் பட்டது. பிறகு கதவு தானாகத் திறந்துகொண்டது. அண்ணி பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மறுபடி அளந்தேன். இறங்கிய ஸ்வரங்கள் எல்லாம் பழைய இடத்துக்கு ஏறியிருந்தன. பூஜ்யத்துக்குக் கீழே, முடிந்தமட்டும் இறங்கித் தேடினேன். ஒன்றும் இல்லை. இவ்வளவு சரியான அறையை நான் அளந்ததே இல்லை. மைக்கை அணைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.