ஊசி குத்திய விரல்கள்

விடியுமுன்பே கப்பலூர் கம்பெனியில் அரவை மிஷின் ஓடத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிக் கழிவு மூட்டைகளைப் பிரித்து, ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் சிரிஞ்சை மட்டும் அரவைக்குத் தள்ளுவது பெண்கள் எங்கள் வேலை. மருந்து நெடியும் ரத்த வாடையும் குடலைப் புரட்டும். கையுறை போட்டால் ஊசி பிடிபடாது, வெறுங்கைதான். குத்தினால் விரலைச் சப்பித் துப்பிவிட்டு அடுத்த மூட்டையை இழுப்போம்.

எங்களோடு மூட்டை பிரிக்கும் ஜெயக்கொடிக்குக் கண்ணிமை ஊதாவாக வீங்கி, நெஞ்செல்லாம் சிவந்தது. ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று வீட்டில் வேப்பிலை செருகி, மருந்தே கூடாதென்று வைத்துவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் சிவப்பு இறங்கவில்லை. கை தூக்கிக் கொண்டை போட முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அதன் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

"இது அம்மையில்லம்மா. மஞ்சள்காமாலைக் கிருமி, ஊசி வழியா ரத்தத்துல போயிருக்கணும். ரொம்ப நாளா இருந்து ஈரல்ல புத்துநோய் வச்சிருச்சு. இந்தச் சிவப்பும், சதை வீங்கிக் கை கால் விழுந்ததும் அதோட சேர்ந்ததுதான்," என்றார் டாக்டர். "நீங்களும் அதே வேலையா? எல்லாரும் அந்தக் கிருமி இருக்கான்னு ரத்தம் பாத்துருங்க."

மறுநாள் காலை முதலாளியிடம் நியாயம் கேட்க அவளை ஆட்டோவில் கொண்டுவந்து கம்பெனி வாசலில் உட்காரவைத்தோம். மிஷின் ஓட்டும் சோலை அண்ணன் சுவிட்சை அணைத்தார்.

முதலாளி அசோக்குமார் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"எவன்டா மிஷினை நிறுத்துனது?"

"நாந்தேன் மொதலாளி. இங்க குத்துன ஊசியிலதேன் இவளுக்கு இப்பிடி ஆச்சு. வைத்தியம் பாருங்க. எங்க எல்லாத்துக்கும் ரத்தமும் பாக்கணும்."

"எங்கிட்டோ நோயை வாங்கிட்டு வந்து என் தலையில கட்டுறீகளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கல்யாணமாகி வந்ததுலருந்து ஒங்க மூட்டையத்தான பிரிச்சா? வேற எங்கிட்டுப் போயி வாங்குவா?"

அவர் குரல் தணிந்தது. "இந்தா ஜெயக்கொடி, பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரில ஒன்னைய நான் சேத்துவிடுறேன். மத்தவளுக வேலைக்குப் போகட்டும். ரத்தம் கித்தம்னு எவளும் பேசக்கூடாது. சரின்னா இப்பவே ஏறு."

அவளுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். போய்த் தொலையேண்டி, உசுரோட இருடி என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது.

"சாகப் பயமாத்தேன் இருக்கு மொதலாளி," என்றாள் ஜெயக்கொடி. கண்ணீர் தாடையில் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. "ஆனா எனக்குக் குத்துன ஊசிதேன இவளுகளுக்கும் குத்துச்சு? எனக்குத்தேன் பிந்திப்போச்சு. இவளுகளுக்கு மொதல்ல பாருங்க. பெறகு ஏறுறேன்."

கண்ணாடி ஏறியது. கார் திரும்பிப் போய்விட்டது.

கழிவு மூட்டை லாரி வந்து, உள்ளே போக ஹாரன் அடித்தது. ஜெயக்கொடியால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவளை என்மேல் சாய்த்துக்கொண்டேன். என் முதுகுக்கு அண்டைகொடுத்துக் கூட வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி வந்து உட்கார்ந்தாள், அவள் முதுகுக்குக் கனகா. ஒவ்வொருத்தியாய் வந்து உட்கார உட்கார, கேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வாசல் அடைபட்டுவிட்டது.