குத்தாலிங்கம் மேல் விழாத அருவி

1979-ஆம் வருடம் ஜூலை மாதம் பதினொன்றாம் தேதி புதன்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு, குற்றாலம் பேரருவி தென்காசிக் குத்தாலிங்கத்தின் மேல் விழ மறுத்துவிட்டது. அந்த வருடம் சீசன் நல்ல சீசன். சந்தையில் கத்தரிக்காய் கிலோ ஒன்றேகால் ரூபாய். அவன் தலைக்கு ஆறடி மேலே வந்ததும் அருவி இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் ஒழுங்காக விழுந்து, அவன் காலைத் தாண்டியபின் மறுபடி சேர்ந்து ஓடியது. அவன் நின்ற பாறை காய்ந்து கிடந்தது. அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட மாடன், தேய்த்த எண்ணெய் தேய்த்தபடியே இருக்கிறதே, இதை இனி சீயக்காய் போட்டுத்தான் எடுக்க வேண்டுமோ என்று கவலைப்பட்டார். கூட வந்திருந்த தகப்பனார் குடைக்கடை நயினார், மகனின் பிடரியில் கைவைத்து நாலடி இடப்பக்கம் தள்ளினார். அருவியும் நாலடி இடப்பக்கம் தள்ளிப் பிரிந்தது.

குத்தாலிங்கம் அங்கே குளிக்கப் போகவில்லை, குணமாகப் போயிருந்தான். அவன் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். முப்பது வயதுக்குள் நல்ல பெயர் எடுத்தவன், வண்டி ஒரு நிமிஷம் பிந்தினால் அவன் முகம் வாடிவிடும். 1978 பங்குனியில் அவனுடைய வாக்கியங்கள் பாதியில் நிற்க ஆரம்பித்தன. "கடையம் போற வண்டி" என்பான், அதோடு சரி. அது எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அவன் வாய்க்குள்ளேயே தங்கிவிடும். கடையத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம் ராயகிரியில் போய் இறங்கி, வந்ததுதான் வந்தோம் என்று அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு திரும்பியது. சித்திரையில் அவன் வேலைக்குப் போவதையும் விட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மனைவி சந்தனமாரி சோற்றைப் பிசைந்து கொடுத்தால் நாலு வாய் தின்பான். என்ன செய்கிறது என்று அவள் கேட்டால், "எனக்கு என்னமோ" என்று தொடங்கிச் சுவரைப் பார்ப்பான்.

ஊர் சும்மா இருக்குமா? பித்தம் என்றார்கள், செய்வினை என்றார்கள், ரத்தத்தில் இரும்பு போதாது என்றார்கள். இரும்புக்காக முருங்கைக் கீரை கொடுத்துக் கொடுத்து அந்தத் தெருவில் முருங்கை மரமே மொட்டையாகிவிட்டது. சோற்றுக்குக் குறையா, பெண்டாட்டி இல்லையா, ஒரு வயதில் தங்கவிக்கிரகம் மாதிரி மகள் இல்லையா, பின்னே என்ன கவலை என்று வந்தவர்கள் எல்லாம் அவனிடமே விசாரித்தார்கள். சின்ன வயதில் ரொம்ப அடிபட்ட பிள்ளையாச்சே என்று யாரோ ஒருத்தி மெதுவாகச் சொன்னபோது மட்டும் ஊருக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் எல்லாம் அடி வாங்காமலா வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் கூடப்பிறந்த தம்பியோடு பதினோரு வருடமாகப் பேச்சில்லை. இன்னொருவருக்குச் சாராயம் இறங்காமல் தூக்கம் வராது. மூன்றாமவர் பிள்ளைகளோடு பேசமாட்டார், ஆட்டோடு பேசுவார். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

கடைசியில், புத்தி கலங்கியவர்களை ஒரு மண்டலம் அருவியில் நிறுத்தினால் தெளியும் என்ற பழைய வழக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நயினாரும் உடனே சம்மதித்தார். அவருக்கு அந்த வைத்தியம் புதிதல்ல. 1956-ல் குத்தாலிங்கத்துக்கு ஏழு வயது, படுக்கையில் மூத்திரம் போய்விடுவான். நயினார் குடைக்கம்பியால் அடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. பிறகு ஞாயிறுதோறும் பேரருவிக்குக் கொண்டுபோய், தண்ணீர் கனத்து விழுகிற இடமாகப் பார்த்து, பிடரியைப் பிடித்துத் தலையை உள்ளே கொடுத்தார். "இனிமே தப்பு செய்ய மாட்டேன்யா" என்று முழுசாகச் சொன்னால்தான் விடுவார். சொல்ல வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் தண்ணீர் நிறையும், வாக்கியம் அறுந்துபோகும். அறுந்த வாக்கியம் செல்லாது, முதலிலிருந்து சொல்ல வேண்டும். இப்படி ஐந்து வருடம். படுக்கை நனைவது நின்றதா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சீசனுக்கு வந்திருந்தவர்கள், பிள்ளை வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லித் தலை துவட்டிக்கொண்டு போனார்கள். பாவம், அந்தப் பிள்ளை.

ஆக, எந்த இடத்தில் உடைந்ததோ அந்த இடத்துக்கே ஒட்டவைக்கக் கொண்டுபோனார்கள். நாற்பத்தெட்டு நாளும் போனான், நாற்பத்தெட்டு நாளும் காய்ந்தே வந்தான். ஓர் இன்ஜினியர் வந்து அளந்து, பிளவின் விட்டம் மூன்றடி இரண்டு அங்குலம் என்றார். ஒரு பெரிய குடையின் அளவு. அது தெரிந்ததும் ஊருக்கு நிம்மதியாகிவிட்டது. குடைக்கடைக்காரர் மகன்தானே, பரம்பரையாக வருகிறது என்று சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள். நயினாருக்குக்கூட அந்தக் காரணம் பிடித்திருந்தது. கடையில் இரண்டு பேரிடம் அவரே சொன்னார். மாடன் மட்டும் விடவில்லை. அவர் முப்பது வருடமாக அதே பாறையில் எண்ணெய் தேய்ப்பவர், எல்லாவற்றையும் பார்த்தவர்.

"அண்ணாச்சி, அருவிக்கு வெக்கம் வந்துட்டு. அன்னைக்கு நீங்க புடிச்சிய, அது விழுந்துது. இப்பம் உங்களோட கூட்டுச்சேர மாட்டேங்கு."

"போலே. நான் அடிச்சு வளத்ததாலதான் அவன் இன்னைக்கு ஒரு மனுசனா நிக்கான்" என்றார் நயினார்.

குத்தாலிங்கம் அப்போது நிற்கவில்லை. பாறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

அதன்பின் ஐந்து வருடம் போயிற்று. சந்தனமாரி அப்பளம் இட்டு விற்றாள். நடுவில் ஒருமுறை பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நாடி பிடிக்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை. சின்ன வயதில் வீட்டில் எப்படி இருந்தது என்று கேட்டார். ஒரு டாக்டர் கேட்கிற கேள்வியா இது என்று நயினார் மகனைக் கையோடு இழுத்து வந்துவிட்டார். மாத்திரைச் சீட்டைச் சந்தனமாரி முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, மாமனாருக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுத்தாள். அதில் சில நாள் அவன் வாசல்வரை வந்து வெயிலைப் பார்த்துவிட்டுப் போவான். அந்த நாட்களில் அவளுக்குக் கண் நிறைந்துவிடும்.

மகள் குழல்வாய்மொழிக்கு 1984 ஜூலையில் ஏழு வயது. சாரலில் நனைந்துகொண்டு நின்ற ஓர் ஆட்டுக்குட்டிக்கு, தாத்தா கடையிலிருந்து புதுக்குடை ஒன்றை எடுத்து விரித்து வைத்தாள். ஆடு குடையோடு போய்விட்டது. நயினாருக்கு அறுபத்தெட்டு வயதாகியும் கைப்பிடி தளரவில்லை. பேத்தியின் பிடரியைப் பிடித்தார், குற்றாலம் பஸ்ஸில் ஏற்றினார். சந்தனமாரி ஓடிவந்து புருஷன் படுத்திருந்த சுவரோரம் உட்கார்ந்தாள்.

"உங்கய்யா பிள்ளைய அருவிக்குக் கூட்டிட்டுப் போறாவ."

குத்தாலிங்கம் எழுந்தான். ஆறு வருடம் அவன் படுத்திருந்த பள்ளம் பாயில் அப்படியே இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு, செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி அடுத்த வண்டியில் தொற்றினான். கண்டக்டர் பழைய ஆள், டிக்கெட் கேட்கவில்லை. அவன் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையின் தலை தண்ணீருக்குள் இருந்தது. "இனிமே" என்கிற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த வார்த்தையை அவனுக்குத் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் மகளுக்கு மேல் குனிந்து நின்றான். அருவி பிரிந்தது. பிள்ளை இருமி, மூச்சு வாங்கி, அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

"அய்யா, பிள்ளைய விடுங்க. அது ஒரு தப்பும் செய்யல."

1978 பங்குனிக்குப் பிறகு அவன் முழுசாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். இரண்டாவதும் அதோடேயே வந்துவிட்டது. நயினாரின் கை தானாக விட்டது. பிளவிலிருந்து ஒதுங்கிய தண்ணீர் எங்காவது விழுந்துதானே ஆக வேண்டும், அது அவர் தலையில் இரண்டு பங்காக விழுந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தண்ணீர் நிறைந்தது. மறுபடி திறந்தார். மாடன்தான் போய் அவரை வெளியே இழுத்து உட்காரவைத்துத் துவட்டிவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்பதை நயினார் அன்றைக்கும் சொல்லவில்லை, அதன்பின் உயிரோடிருந்த மூன்று வருடத்திலும் சொல்லவில்லை. பிடரி பிடிக்கிற பழக்கம் மட்டும் போய்விட்டது.

இதனால் குத்தாலிங்கம் குணமாகிவிட்டான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதும் சில வாரங்களில் சுவரோரம் படுத்துவிடுவான். பாளையங்கோட்டைக்கு இப்போது அவனே போய் டாக்டரின் கேள்விக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் சொல்லிவிட்டு வருகிறான். நல்ல வாரங்களில் பஸ் ஸ்டாண்டில் அவன் குரல் கேட்கும், கடையம் போகிறவர்கள் கடையத்துக்கே போவார்கள். அருவி இன்னும் அவன் மேல் விழுவதில்லை. சீசன் கூட்டத்துக்கு அது பழகிவிட்டது. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் அவன் பக்கத்தில் ஒதுங்கி நிற்பார்கள், பீடி பற்றவைக்கிறவர்களும் வருவார்கள்.

1986 சீசனில் குழல்வாய்மொழிக்கு ஒன்பது வயது. தலை நிறைய எண்ணெயோடு அருவியின் தடுப்புக் கம்பியோரம் வந்து அருவியை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எப்பா, கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க. நான் குளிக்கணும்" என்றாள். குத்தாலிங்கம் அவளுடைய துண்டை நனையாமல் கையில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றான்.