காலையே பார்த்த நர்ஸம்மா

சேலத்திலிருந்து வந்திருந்த அந்தப் புருசன் பெண்டாட்டியைக் கண்டாலே மயில்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சவரியார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இன்னாசிமேரி பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மேட்டூரில் தொடங்கி, காவிரியை ஒட்டியே ஊர் பார்த்துக்கொண்டு போகிறார்களாம். தங்குகிற ஊரிலெல்லாம் சர்க்கரை பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டு விடுகிறார்களாம். அதுவும் சும்மாவாம்!

"சும்மா பாக்கறதுக்கு இவிங்களுக்கென்ன கிறுக்கா? நெலம் புடிக்க வந்த புரோக்கருங்களா இருக்கோணும்," என்றார் மனைவி காளியாத்தாளிடம்.

உள்ளுக்குள் பயம் வேறு. வெற்றிலைக் கொடி படர நட்டிருந்த அகத்தியின் கட்டை காலில் குத்திய புண் ஆறாமல் கிடந்தது. டாக்டரிடம் போனால் செருப்பில்லாமல் நடக்காதே என்பார். வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு போவதாவது! கொடிக்காலை விட்டுவிட்டு வீட்டில் குந்தியிருக்கவும் அவரால் ஆகாது. வலியே இல்லாத புண்ணுக்கு எதற்கு டாக்டர்?

ஆனால் அந்த நர்ஸம்மா தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவர் காலையே பார்த்தார்.

"நீதான போட்டுக் குடுத்த?" என்று காளியாத்தாளிடம் பாய்ந்தார்.

"சத்தியமா இல்லீங்க. நீங்க நடக்கறதப் பாத்தே அந்தம்மா கேக்குது."

மறுநாள் காலையில் இருவரும் கொடிக்காலுக்கே வந்துவிட்டார்கள். பின்னாலேயே காளியாத்தாள். செருப்போடு நுழைந்தால் விரட்டிவிடலாம் என்று மயில்சாமி காத்திருந்தார். இருவரும் வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஏனுங்க, நெலம் பாக்க வந்தீங்களா?"

"உங்க காலப் பாக்கத்தானுங்க," என்றார் இன்னாசிமேரி.

"வலியே இல்லீங்க எனக்கு!"

"சரிங்க, கண்ண மூடிக்குங்க. நான் தொட்டதும் சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா நாங்க போயிடறோம்."

சனியன் தொலைந்தால் சரி என்று மயில்சாமி உட்கார்ந்து கண்ணை மூடினார். முழங்காலைத் தொட்டதும், "தெரியுதுங்க," என்றார்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. இவரை இப்படிக் குருடனாக்கி உட்கார வைத்துவிட்டு, அந்த மனுசன் அந்தப் பக்கம் தோட்டத்தை அளந்துகொண்டிருக்கிறானோ?

"இன்னுந் தொடவே இல்லீங்களே! என்ன ஏமாத்து வேலை இது?" என்று கண்ணைத் திறந்தார்.

சவரியார் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். இன்னாசிமேரியின் கை மயில்சாமியின் கால் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தது.

"அப்பவே தொட்டுட்டனுங்க."

மயில்சாமி குனிந்து அந்த விரலைத் தானே கிள்ளினார். நகம் பதியக் கிள்ளினார். அவருக்குத் தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"காளியாத்தா, நீ வந்து கிள்ளு புள்ள."

காளியாத்தாள் கிள்ளவில்லை. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.