பெரட்டு இப்போது போனில்

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தை மாதத்தோடு காலைப் பெரட்டு நின்றுபோனது. எந்த மலையில் கொழுந்து என்று கங்காணி ஆட்களைக் கூட்டிச் சொல்வதற்குப் பதிலாக, ஆபீசிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் எழுத்தாக வந்தது. அனுப்புகிறவர் கிளாக்கர் தயாபரன். யாரும் பதில் போட முடியாதபடி குழுவைப் பூட்டியும் வைத்திருந்தார்.

பாக்கியலெட்சுமியிடம் போன் இருந்தது, படிக்கத்தான் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை அவளும் மூன்று பெண்களும் வழக்கம்போல ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். மேலே மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு இங்க மருந்துன்னு போட்டிருந்தாங்களே, பாக்கலியா?" என்றான் ஒருவன்.

காற்றோடு வந்த நெடியில் அவளுக்குக் கண் எரிந்தது. அன்று மத்தியானமே ஆபீசுக்குப் போனாள்.

"ஐயா, எழுதிப் போட்டா எங்களுக்குத் தெரியலைங்க. வாயால சொல்லி அனுப்புங்க, கேட்டுக்கிறோம்."

தயாபரனுக்குக் கோபம் வந்தது. அவளுடைய சிவந்த கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. போனை எடுத்து, "நாளைய தினம் நான்காம் இலக்க மலையில் கொழுந்து பறித்தல் இடம்பெறும்" என்று பதிவு செய்தார்.

பாக்கியலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரேடியோ நியூஸ் மாதிரி இருக்குங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

அவள் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். "எல்லாரும் கேளுங்க. நாளைக்கு நாலாம் நம்பருக்கு வாங்க. ஏழுக்குப் போயிறாதீங்க, மருந்தடிச்சிருக்கு." பிறகு அவரைப் பார்த்து, "அவங்களையும் பேச விடுங்க ஐயா. கேட்டாங்களா இல்லையான்னு எப்புடித் தெரியும்?" என்றாள்.

தயங்கித் தயங்கித்தான் பூட்டைத் திறந்தார். சாயங்காலத்துக்குள் பதினெட்டுக் குரல்கள். தோட்டத்துத் துரைக்குப் பிடிக்கவில்லை. "இந்தச் சத்தத்துக்கா குழு ஆரம்பிச்சோம்?"

"இத மட்டும் கேளுங்க சேர்" என்று தயாபரன் ஒன்றை ஓடவிட்டார். மேல் லயத்து வரிசை வீட்டுப் பெரியாயியின் குரல்: "நாலாம் நம்பர்ல, தண்ணி விழுற பீலிக்கரையில பெரிய குளவிக்கூடு இருக்கு. முந்தாநாளே பாத்தேன். யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல."

போன வருடம் குளவி கொட்டி இரண்டு பேரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது துரைக்கும் தெரியும்.

"அஞ்சாம் நம்பருக்கு மாத்துங்க. கூட்டப் பாத்த அந்த அம்மாவையே எல்லாருக்கும் சொல்லச் சொல்லுங்க."

மறுநாள் ஐந்தாம் நம்பரில் எல்லோரும் கொழுந்து எடுத்தார்கள். ஆபீசில் தயாபரன் போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொரு குரலாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். கீழ் லயத்தில் கூரை ஒழுகுகிறதாம்.