சாப்பாட்டுக்கு அரை மணி முன்

மிக்கேல்ராஜ் ஜெபத்தில் மயங்கிச் சொன்ன வாக்கால் அந்த வருஷம் முப்பத்தோரு பேருக்கு விசா கிடைத்தது. அதில் இரண்டு பேர் விண்ணப்பமே போடவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம். நான் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்தவன்.

வருஷம் தொண்ணூற்றேழு. தஞ்சாவூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை பார்த்தேன். மீரா உசேன் என்ற பெயர் சம்பளப் பட்டியலில்தான் இருந்தது. ஜனங்களுக்கு நான் மருந்துக்கடை பாய். மிக்கேல்ராஜுக்கு வெண்ணாற்றங்கரையில் நாலு ஏக்கர் நெல். வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை நோய். மாதாமாதம் மாத்திரை வாங்க அவர் மனைவி செபஸ்தியம்மாள் வருவார்.

அவர் கொண்டுவரும் டாக்டர் சீட்டு என்னை அரித்தது. ஆடியில் சாயங்காலம் அரை மாத்திரை. ஆவணியில் ஒன்று. புரட்டாசியில் ஒன்றரை. ஐப்பசியில் இரண்டு. மருந்தைக் கூட்டக் கூட்ட காலைச் சர்க்கரையும் உரம் போட்ட மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்ட நோயாளி ஒன்று மாத்திரையைப் போடமாட்டார், அல்லது இனிப்பைத் தின்றுவிட்டுப் பொய் சொல்வார்.

"மாத்திரைய ஒழுங்காப் போடுறாரா?" என்று கேட்டேன்.

"ஒரு வேளை தப்பினதில்ல பாய். நீங்க கவர்ல எழுதிக் குடுத்தபடி, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. நானே கையில வச்சுக் குடுக்குறேன்."

"இனிப்பு?"

செபஸ்தியம்மாள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "ஜனங்க ஆசையா கொண்டாந்து குடுக்குறத வேணாம்னு தள்ள முடியுமா?"

"எந்த ஜனங்க?"

அப்புறம்தான் கதை வந்தது. நாலு மாதமாக, சாயங்கால ஜெபத்தில் மிக்கேல்ராஜுக்கு அருள் வருகிறது. முத்துமுத்தாக வேர்க்கும், கை நடுங்கும், என்னவோ பேசுவார். முதல் தடவை, பக்கத்து வீட்டு ஜெனித்தின் வேலைக்காக ஜெபம் ஒன்றரை மணி நேரம் நீண்ட அன்று, "வெள்ளையா குவிஞ்சிருக்கு, மேல புகை பறக்குது" என்றாராம். பத்தே நாளில் ஜெனித்துக்குப் பனி பெய்கிற தேசத்தில் வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து முத்துப்பேட்டையிலிருந்து வேன், திருப்பனந்தாளிலிருந்து டெம்போ. பயண ஏஜென்ட் ராஜராஜன் பாஸ்போர்ட்டுகளை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு தினமும் வந்து முன்வரிசையில் உட்கார்கிறார். விசா கிடைத்தவர்கள் லட்டும் திருவையாற்று அசோகா அல்வாவுமாகக் கொண்டுவந்து ஊட்டுகிறார்கள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"நோயச் சொல்ற எடத்துல அருளச் சொல்லுவாங்களா பாய்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் கண்ணு தொறக்கல. பெரிய வாக்கா வரப்போவுதுன்னு எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. எனக்கு மட்டும் பயம், ஒருநாள் அப்படியே போயிடுவாரோன்னு."

நோன்பு மாதத்தில் எங்கள் தெருவிலும் சர்க்கரைக்காரர்கள் இப்படி வேர்த்து நடுங்குவதுண்டு. நாங்கள் வாக்குக் கேட்பதில்லை, பேரீச்சம்பழம் கொடுப்போம். மாத்திரை போட்டு வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். ஆனால் இந்த மனிதர் நோன்பாளி இல்லையே. அரை மணியில் சாப்பிடுகிறவர்தானே?

அன்று சாயங்காலமே டி.வி.எஸ். ஐம்பதை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

ஏழு மணிக்குச் செபஸ்தியம்மாள் இரண்டு மாத்திரையைக் கொடுத்தார். ஏழு ஐந்துக்கு ஜெபமாலை தொடங்கியது. அது இருபது நிமிஷ வேலை, சமையலும் தயார். ஏழரைக்குச் சோறு என்றால் என் கவரில் எழுதியது அச்சுப் பிசகாமல் பொருந்தும். ஆனால் ஜெபமாலை முடிந்ததும் ராஜராஜன் தொண்டையைச் செருமி, மஞ்சள் பையைத் திறந்தார். விசா வேண்டுகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படிக்க, ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். நாற்பத்தேழு பாஸ்போர்ட். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டே முக்காலுக்கு இருபத்தொன்பதாவது பெயர்.

எனக்கு விளங்கிவிட்டது. வாக்குப் பலித்தால் கூட்டம். கூடக்கூட ஜெபம் நீளும். நீள நீள மயக்கம். மயங்கியதற்கு லட்டு. லட்டுக்குக் காலையில் சர்க்கரை ஏறும். ஏறியதற்கு டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அந்த வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகவே செய்துகொண்டிருந்தார்கள். நான் மட்டும், எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மிக்கேல்ராஜின் நெற்றியில் வேர்வை அரும்பியது. கை நடுங்கியது. முத்துப்பேட்டையிலிருந்து வந்த ஆயிஷா முன்னால் நகர்ந்து, "என் மவனுக்குச் சிங்கப்பூரு எப்பங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

"வெள்ளையா… வெள்ளையா…" என்றார் மிக்கேல்ராஜ். தலை சரிந்தது.

"நிறுத்துங்க!" என்று எழுந்தேன். "சீனி கொண்டாங்க!"

"பாய், வாக்கு வர்ற நேரம். ஒரே நிமிஷம்," என்றார் ராஜராஜன்.

"வாக்கு வரலய்யா, உசுரு போவுது!"

செபஸ்தியம்மாள் யாரையும் கேட்கவில்லை. ஆயிஷாவைத் தாண்டி, ஒரு பாஸ்போர்ட்டையும் மிதித்துக்கொண்டு, சீனி டப்பாவோடு வந்துவிட்டார். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். கூப்பிட்டுப் பார்த்தேன். எச்சில் விழுங்கினார். சீனித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம்.

"சிங்கப்பூர மட்டும் கேட்டுடுங்களேன்," என்று ராஜராஜன் என் காதில் கெஞ்சினார்.

பத்து நிமிஷம். மிக்கேல்ராஜ் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தார். "யாரு இவ்ளோ பேரு? சோறு ஆச்சா?"

ராஜராஜன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சோறு போட்டோம். சாப்பிட்டாலும் அந்த மாத்திரையின் வேகம் அடங்க நேரமாகும், சர்க்கரை மறுபடியும் இறங்கலாம் என்று முத்துப்பேட்டை வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். கதையைக் கேட்டுவிட்டு, பழையபடி அரை மாத்திரைக்கே வந்தார்.

மறுநாள் வார்டில் மிக்கேல்ராஜ் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஆர்வம் தாங்காமல் கேட்டேன். "அந்த நேரத்துல உங்களுக்கு என்னதான் தெரிஞ்சுது?"

"சோறுதான் பாய். அடுப்படி எனக்கு நேரெதிர்த்தாப்புல. குவிச்சு வச்சிருப்பா, மேல புகை பறக்கும். வேற ஒண்ணும் ஞாபகமில்ல."

ஒரு சிக்கல் பாக்கி. "எங்க குடும்பத்துல ஜெபத்துக்கு முன்னாடி யாரும் சோத்துல கை வச்சதில்ல பாய்," என்றார் செபஸ்தியம்மாள்.

"வைக்க வேணாம். மாதாவ அவசரப்படுத்தாதீங்க, மாத்திரையத் தள்ளி வைங்க. கடைசி ஆமென் சொன்னப்புறம் அதக் குடுங்க. அரை மணியில சோத்தப் போடுங்க. நடுவுல ராஜராஜன் பைய தொறக்கக் கூடாது. லட்டு வந்தா எனக்கு அனுப்புங்க."

அடுத்த மாதம் கவுண்டருக்கு வந்த செபஸ்தியம்மாள் முகத்தில் தெளிவு. காலைச் சர்க்கரை இறங்கியிருந்தது. முதல் வாரம் கூட்டம் வந்து உட்கார்ந்திருந்ததாம். மிக்கேல்ராஜ் வேர்க்காமல் ஜெபம் சொல்லி, வேர்க்காமல் மாத்திரை போட்டு, மோர்ச்சோறு வரை சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறார். அதோடு வேன்கள் நின்றுபோயின.

"இப்ப வாக்கே சொல்றதில்லயா?" என்று கேட்டேன்.

"நேத்து ஒண்ணு சொன்னாரு பாய். மீன் கொழம்புல உப்பு கம்மின்னாரு. வாயில வச்சுப் பாத்தேன், பலிச்சிருந்துச்சு," என்று மாத்திரைக் கவரை வாங்கிக்கொண்டு போனார்.