நனையவிடார்

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கும் மேலே, உச்சந்தலையில், ஒரு பெருமை உட்கார்ந்திருக்கிறது. அவருடைய குடும்பப் பெயர்தான் அது. நனையவிடார். "ஊர் உலகத்துல நம்ம வீட்டைத் தவிர இந்தப் பேரு யாருக்காவது இருக்குதா? தேடிப் பாரு" என்பார். நானும் தேடியிருக்கிறேன். ஒருவரும் கிடையாது.

எங்களுடையது பெயர்ப்பலகைக் கடை. பித்தளை, அக்ரிலிக், மரம், எதில் கேட்டாலும் வெட்டிக் கொடுப்போம். ஊரில் இருக்கிற வக்கீல், ஆடிட்டர், புதுவீடு கட்டினவர் எல்லாருடைய பெயரும் இவர் கைவழியாகத்தான் கதவுக்குப் போகிறது. இவர் பெயர் மட்டும் எங்கள் கடை வாசலில் ஒரே ஒரு பலகையில் இருக்கிறது. அதைத் தினமும் துடைப்பார். வீட்டில் ஒரு டம்ளரைத் துடைத்ததில்லை.

பெயர் வந்த கதையைக் கேட்காமல் யாரும் எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட முடியாது. பாலம் இல்லாத காலத்தில் இவர்களுடைய முன்னோர் ஒருத்தர் சுமை தூக்கி ஆற்றைக் கடத்திவிடுகிறவர். ஒருநாள் அவர் நடு ஆற்றில் இருக்கும்போது வெள்ளம் வந்துவிட்டது. தண்ணீர் மார்பளவு, கழுத்தளவு, கடைசியில் ஆளே முங்கிப் போனார். தலைக்கு மேலே இரண்டு கை மட்டும் தெரிந்ததாம், அந்தக் கைகளில் ஒரு மூட்டை. கரையேறும்போது மனிதர் தொப்பலாக நனைந்திருந்தார். மூட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. 'இவன் நனையவிடான்' என்று ஊர் சொன்னது, சொல்லிச் சொல்லி அதுவே பெயராக நின்றுவிட்டது. மூட்டையில் என்ன இருந்தது என்பதில்தான் குழப்பம். என் மாமனார் பட்டுத்துணி என்பார். இவர் அரசாங்கப் பத்திரங்கள் என்கிறார். இன்னும் கொஞ்ச நாள் போனால் மூட்டைக்குள் ராஜாவே உட்கார்ந்திருப்பார்.

கல்யாணமான புதிதில் நான் இந்தப் பெயரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். மழைநாளில் நான் குடை பிடித்துப் போனால் கடைத்தெருவே "என்னக்கா, உங்களுக்குமா குடை?" என்று வம்புக்கு இழுக்கும். போகப் போக எனக்கும் பிடித்துவிட்டது. வங்கியில் இந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அது ஒரு சுகம்தான், பொய் சொல்வானேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பல் டாக்டர் வந்தாள். முப்பது வயது இருக்கும். கடை வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே வந்தாள். புதிதாக கிளினிக் திறக்கிறாளாம், பித்தளையில் பெயர் வேண்டும் என்று ஒரு சீட்டை நீட்டினாள். படித்துவிட்டுச் சிரித்தேன்.

"இது எங்க கடைப் பேரும்மா. உங்க பேரைச் சொல்லுங்க."

"இதுதான் ஆன்ட்டி என் பேரு."

பின்னால் வெட்டும் மெஷின் நின்றது. இவர் உடம்பெல்லாம் பித்தளைத் தூளோடு வந்து சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். தன் பெயரே அடுத்தவர் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போனது.

"உங்கப்பா யாரு?"

"தெரியாது சார்."

"அப்பா யாருன்னு தெரியாது, குடும்பப் பேரு மட்டும் தெரியுமோ?"

எனக்குச் சுருக்கென்றது. அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மனிதர் வேர்த்துக் கொட்டினார். "எங்கப்பாவுக்கு எங்கயாவது சின்ன வீடு..." என்று இழுத்தார்.

"உங்கப்பாவா? உங்கம்மா செருமினாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்கற மனுஷன். இருந்த ஒரு வீட்டையே சமாளிக்க முடியல அவருக்கு. பேசாம இருங்க."

பேசாமல் இருக்கிற ஜென்மமா? வெளியே போய்ச் சீட்டை மேஜைமேல் வைத்தார். "இந்தப் பேரை நான் வெட்ட மாட்டேன். இது ரத்தத்துல வர்ற பேரு. வேற கடையைப் பாருங்க."

அவள் அழவில்லை. சீட்டை மெதுவாக மடித்தாள்.

"நான் ஹோம்ல வளர்ந்தவ சார். பிறந்த ஆஸ்பத்திரியிலேயே என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க. அங்க இருந்த ஒரு நர்ஸ் தன்னோட குடும்பப் பேரை எனக்குக் கொடுத்தாங்களாம். ஸ்கூல்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. எனக்கு ஆனா பிடிக்கும். எல்லாருக்கும் இருக்கற பேரா இருந்தா நான் யாரைன்னு தேடறது? இதை எங்க பார்த்தாலும் அவங்கதான்னு தெரிஞ்சிடும்ல. போன மாசம் இந்தப் பக்கம் வந்தப்ப உங்க போர்டைப் பார்த்தேன். நேரா கேட்க தைரியம் வரல. போர்டு செய்யச் சொன்னா பேச்சு தானா வரும்னு நினைச்சேன்."

"எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்றேன்.

"பெரிய ஆஸ்பத்திரி. பிரசவ வார்டு."

அந்த வார்டிலேயே வேலை பார்த்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்ற ஒருத்தி எங்கள் மாடியில் இருக்கிறாள். இவருடைய அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். "அண்ணி! கொஞ்சம் கீழ வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நீயா?" என்றார் இவர்.

"நான்தான்."

"எத்தனை பேருக்குக் கொடுத்த?"

"எண்ணிக்கிட்டா கொடுப்பாங்க?" அண்ணி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடும்பப் பேருன்னு கேட்கிற இடத்துல கிளார்க் 'இல்லை'ன்னு எழுதுவாரு. பச்சப்பிள்ளைடா. பூமிக்கு வந்த அன்னைக்கே 'இல்லை'ன்னு சொல்லியா அனுப்பறது? என் கையில கொடுக்கறதுக்கு வேற என்ன இருந்துச்சு? பேருதான் இருந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லியிருந்தா இப்ப குதிக்கறதை அப்பவே குதிச்சிருப்ப."

"அதுக்கில்லக்கா, ரத்தம்னு ஒண்ணு..."

எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு இந்தப் பேரு எந்த ரத்தத்துல வந்துச்சு? ஒரு கையெழுத்துல வந்துச்சு. நாளைக்கு என்னையும் வேற கடை பார்க்கச் சொல்வீங்களா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி எழுந்துவிட்டார். "டேய், வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் மூட்டைக் கதை சொல்றியே. அது யாரு மூட்டை? நம்ம வீட்டு மூட்டையா? எவனோ நம்பித் தூக்கிவிட்ட மூட்டை. அடுத்தவங்களுது நனையக் கூடாதுன்னு அவரு தண்ணிக்குள்ள முங்கிப்போனாரு. அதுக்குக் கிடைச்ச பேருடா இது. பூட்டி வெச்சுக்கறதுக்குக் கிடைச்சதில்ல."

இத்தனை வருஷமாக டிவி சத்தத்துக்கும் குழாய் ஒழுகுவதற்கும் இந்த அண்ணியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அந்த நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் பெருமை பேசினோம். அவர் ஒருத்தர்தான் அதன்படி வாழ்ந்திருக்கிறார்.

பல் டாக்டர் அண்ணியிடம் போனாள். "என்னை ஞாபகம் இருக்கா?"

"பொய் சொல்ல மாட்டேம்மா. இல்ல. நிறையப் பிள்ளைங்க. ஆனா எல்லாரையும் தூக்கியிருக்கேன். உன்னையும் தூக்கியிருப்பேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். அண்ணி தோளில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

இவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஏதாவது வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட யார் யாருக்கு என்ன முறை என்று கணக்குப் போடாமல் சாப்பிட உட்காராத மனிதர் இவர். இப்போதும் அதே கணக்குத்தான் உள்ளே ஓடியிருக்க வேண்டும். உதடு முணுமுணுத்தது. அக்காவைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். சட்டென்று என் பக்கம் திரும்பி ஒரு கத்து கத்தினார்.

"தாய்மாமன் கடைக்கு வந்த பிள்ளையை இவ்வளவு நேரமா நிக்க வெச்சிருக்கியே! நாற்காலி போடணும்னு தோணாதா உனக்கு?"

பழியை என் தலையில் போட்டாலும் போட்டார், ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தவரும் அவர்தான். தோளில் கிடந்த துண்டால் அதை நன்றாகத் துடைத்தார். அவள் உட்கார்ந்த பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எழுத்து என்ன அளவும்மா?"

"பெருசா இருக்கட்டும். பஸ்ல போறவங்க கண்ணுக்கும் படணும். என்னை மாதிரி இன்னும் யாராவது தேடிக்கிட்டிருப்பாங்க இல்லையா, மாமா?"